ஊறுகிற நேரத்துக்கும் கூலி உண்டு

ஜார்ஜ் டவுன் மோட்டார் கடைகளில் தொழில் பழகுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

தாத்தோ கெராமாட் சாலை, ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், சுங்கை பினாங்கு என்று இந்தத் தீவெங்கும் மோட்டார் கடைகளின் வாசலில் கை கறுக்கக் குந்தி உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். எஸ்.பி.எம். முடித்த கையோடு வந்தவர்கள் இருக்கிறீர்கள். எஸ்.கே.எம். தொழில்திறன் சான்றிதழுக்குப் படித்துக்கொண்டே பழகுகிறவர்கள் இருக்கிறீர்கள். பள்ளி விடுமுறையில் மாமா கடைக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர்களும் உண்டு. எல்லாருக்கும் ஒரு நாள் தவறாமல் வந்து சேர்வது கழலாத போல்ட்டு. பாடத்தில் அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கினால் அதிகம். கடையில் அது அரை நாளைத் தின்றுவிடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போல்ட்டு அறுவதற்கும் மரை கிழிவதற்கும் உங்கள் கைப்பலம் காரணமில்லை. கருவி இல்லாததும் பெரிய காரணமில்லை. நம் தொழிலில் சாமானுக்கு விலை உண்டு, வேலைக்குக் கூலி உண்டு, காத்திருப்பதற்கு மட்டும் காசு கிடையாது. பிளக் மாற்ற இத்தனை ரிங்கிட், கறுப்பு எண்ணெய் மாற்ற இத்தனை ரிங்கிட் என்று கடை முதலாளி தவுக்கே சுவரில் எழுதி ஒட்டியிருப்பார். துருவுக்குள் எண்ணெய் இறங்குகிற நேரத்துக்கு எந்தச் சுவரிலும் விலை இல்லை. காசு வராத நேரத்தை யார் செலவழிப்பார்கள்? முறுக்குகிறோம். அறுகிறது. பிறகு அதே போல்ட்டுக்காக மூன்று மணி நேரம் இலவசமாக உழைக்கிறோம்.

பினாங்கு மோட்டாருக்குத் துரு பிறவிச் சொத்து. 1985-இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர்; 2014-இல் வந்த இரண்டாவது பாலம் ஏறத்தாழ 24 கிலோமீட்டர். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து இரண்டிலும் மோட்டாருக்கு டோல் இல்லை. பட்டர்வொர்த்திலும் பிறையிலும் வீடு, பாயான் லெப்பாஸில் வேலை என்று இருப்பவர்கள் காலையும் மாலையும் கடல்மேல்தான் ஓட்டுகிறார்கள். பெர்ரி கார் ஏற்றுவதை நிறுத்திவிட்டது, மோட்டாரை இன்னும் ஏற்றுகிறது. இதற்கு மேல் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டிப் பெய்யும் மழை. உப்பும் ஈரமும் சூடும் ஓர் இடத்தில் சேர்ந்து கிடைக்க வேண்டுமென்றால், நம் காப்சாய் மோட்டாரின் புகைக்குழாய் வாய்க்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

அந்த இடத்தில் ஏன் இத்தனை துரு என்பதற்கு வடிவமைப்பிலேயே விடை இருக்கிறது. ஹோண்டா சூப்பர் கப் 1958-இல் ஜப்பானில் வெளிவந்தது. 2017-க்குள் உலகம் முழுக்கப் பத்துக் கோடி வண்டிகள் தயாராகிவிட்டன. அதை மலாயாவில் விற்கும் உரிமையை வாங்கியவர் நம் பினாங்குக்காரர் லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பேருந்து கழுவி, மெக்கானிக் வேலை பழகி மேலே வந்த மனிதர். உங்கள் ஜாதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சி70 ஆகட்டும், இன்றைக்கும் தெருவுக்கு நாலு நிற்கிற இ.எக்ஸ்.5 ஆகட்டும், எல்லாம் அந்தக் குடும்பம். இவற்றின் சிலிண்டர் ஏறக்குறையப் படுத்த நிலையில் இருக்கும். அதனால் புகை வெளியேறும் வாய் தரையைப் பார்த்திருக்கும், முன் சக்கரத்துக்கு நேர் பின்னால். சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீர் முழுவதும் அங்கே பிடித்திருக்கும் இரண்டு எம்6 ஸ்டட்டுகளின் மேல்தான். சூடான ஸ்டட்டு, உப்புத் தண்ணீர், மறுபடி சூடு. அஞ்சாறு வருஷம் இப்படி ஓடின வண்டியில் நட்டு எங்கே முடிகிறது, ஸ்டட்டு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்கே தெரியாது.

மரைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கை தானாக நிதானப்படும். இரும்பு துருவானால் பருக்கும். நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே இருந்த மயிரிழை இடைவெளியைத் துரு அடைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நெருக்கும். ஸ்டட்டின் மறு முனை அலுமினிய சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கிறதே, அங்கே கதை வேறு. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால் மின்னோட்டம் பிறக்கும். அதில் கரைவது அலுமினியம். கழற்றிய போல்ட்டின் மரையில் வெள்ளை மாவாக ஒட்டியிருப்பது அதுதான். ஒன்று சிவப்புத் துரு, மற்றது வெள்ளைத் துரு. ஒரே ஸ்டட்டில் இரண்டு பிடி.

இனி கணக்கு. புது போல்ட்டையே முறுக்கும்போது நாம் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்குப் போய்விடும். இறுக்கிப் பிடிக்கப் பயன்படுவது மீதி ஒரு பங்குதான். சாதாரண எம்6 போல்ட்டுக்குச் சரியான இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர் அளவில். உங்கள் கையில் இருக்கும் பத்தாம் நம்பர் ரிங் ஸ்பேனர் 15 சென்டிமீட்டர் நீளம் என்றால், அதன் நுனியில் 7 கிலோ எடையைத் தொங்கவிட்டாலே அந்த இறுக்கம் வந்துவிடும். அதைப்போல இரண்டு மடங்கு இழுத்தால் நல்ல போல்ட்டே அறுந்துபோகக்கூடும். துரு தின்று இடுப்பு மெலிந்த ஸ்டட்டு அதுவரைக்கும்கூடத் தாங்காது. ஸ்பேனர் பற்றாதென்று அதன் வாலில் பைப்பை மாட்டி இழுக்கிறவரைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். பெரிய நட்டுக்குப் பைப் போடலாம். எம்6-க்குப் பைப் போடுவது அறுப்பதற்கென்றே செய்கிற வேலை.

இப்போது கைக்கு வருவோம். இதை எழுத்தில் சொல்வது கடினம், ஆனாலும் சொல்லிப் பார்க்கிறேன். பிடித்த நட்டை மெதுவாக இழுக்கும்போது மூன்றில் ஒன்று நடக்கும். ஒன்று, கல் மாதிரி அசையாமல் நிற்கும். இரண்டு, "டக்" என்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும், பிறகு ஒவ்வொரு இழுப்புக்கும் கிரீச் கிரீச்சென்று முனகிக்கொண்டே வரும். அந்த முனகல் நல்லது, மரை நகர்கிறது என்று பொருள். மூன்றாவதுதான் ஆபத்து. சத்தமே இருக்காது. ஸ்பேனர் நகரும், ஆனால் கையில் உறுதி இருக்காது. நமத்துப்போன முறுக்கைக் கடிக்கிற மாதிரி ஒரு தொய்வு. நட்டு சுழலவில்லை, ஸ்டட்டுதான் முறுகுகிறது. அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் கால் சுற்று போனால் ஆளைவிட்டால் போதும் என்று அறுந்துவிடும். நல்ல மெக்கானிக் எத்தனை போல்ட்டைக் கழற்றினார் என்று ஊர் எண்ணும். எத்தனை போல்ட்டில் கையை எடுத்தார் என்று நான் பார்ப்பேன்.

கையை எடுத்த பிறகு என்ன செய்வது? முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைத் துடையுங்கள். துரு மூடிய மரையில் எண்ணெய் ஊற்றினால் துருதான் குடிக்கும். பிறகு எண்ணெய். கடைக்குக் கடை இருக்கும் அந்த நீல மஞ்சள் டப்பா, டபிள்யூ.டி. 40, 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் பிறந்தது. தண்ணீரை விரட்டத்தான் அதைச் செய்தார்கள், அட்லஸ் ஏவுகணையின் உடம்பு துருப்பிடிக்காமல் காக்கத்தான் முதலில் பயன்பட்டது. அவசரத்துக்கு உதவும். ஆனால் துருவுக்குள் இறங்குவதற்கென்றே விற்கும் எண்ணெய் இதைவிட மேல். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் பாதிக்குப் பாதி கலந்து விடுகிற பழைய கைமருந்தும் பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. அசிட்டோன் குபீரென்று பிடிக்கும் சரக்கு, நெருப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். எதை விட்டாலும், விட்டபின் நட்டின் தலையைச் சின்ன சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். அடி அல்ல, தட்டு. அந்த அதிர்வில் துரு விண்டு எண்ணெய்க்கு வழி கிடைக்கும். பிறகு போய் வேறு வேலையைப் பாருங்கள். திரும்பி வரும்போது நட்டின் ஓரத்தில் எண்ணெய் காப்பித்தண்ணி நிறத்தில் கசிந்திருந்தால் உள்ளே போயிருக்கிறது. தெளிவாகவே நின்றால் இன்னும் போகவில்லை, மறுபடி ஒரு சுற்று.

கழற்றும்போது முதலில் கழற்றாதீர்கள். மயிரளவு இறுக்குங்கள், பிறகு கழற்றுங்கள். துருவின் பிடி எந்தப் பக்கம் திருப்பினாலும் உடையும். கால் சுற்று வந்ததும் அரைக்கால் சுற்று திருப்பி உள்ளே விடுங்கள், எண்ணெய் விடுங்கள், மறுபடி வெளியே. முன்னும் பின்னுமாக வருகிற மரை தன் துருவைத் தானே அரைத்துத் தள்ளும். ஒரே மூச்சில் வெளியே இழுத்தால் அந்தத் துருத்தூள் மரையில் சிக்கி, பாதி வழியில் மறுபடி பூட்டிக்கொள்ளும். இதற்கு ஆறு முனை சாக்கெட்டையே எடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட்டு தேய்ந்த தலையில் வழுக்கி, இருக்கிற மூலையையும் வழித்துவிடும். கைப்பேசிக் காணொளிகளில் இதெல்லாம் நாற்பது விநாடியில் முடிந்துவிடுகிறது. இரவு முழுக்க ஊறியதை அவர்கள் படம் பிடிப்பதில்லை.

அடுத்தது சூடு. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் ஸ்டட்டைச் சுற்றியிருக்கும் அலுமினியத்தைச் சூடாக்கினால் துளை அகலும், பிடி தளரும். இரும்பு நட்டு, இரும்பு ஸ்டட்டு என்றால் நட்டை மட்டும் சீக்கிரம் சூடாக்க வேண்டும். தீயைக் காட்டுமுன் பெட்ரோல் தொட்டி, கார்புரேட்டர், குழாய் எங்கே என்று பாருங்கள். முடிந்தால் கழற்றி வையுங்கள். இன்னொன்றைத் தடித்த எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள்: குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீயும் காட்டாதீர்கள், வெல்டிங்கும் வைக்காதீர்கள். அது சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கிற பழக்கம் நம் கடைகளில் இல்லை, நீங்களாவது தொடங்குங்கள்.

இவ்வளவும் செய்து அறுந்துவிட்டதா? சரி, அறுந்துவிட்டது. யாரையும் திட்ட வேண்டாம், பக்கத்துப் பையனையும் பார்க்க வேண்டாம். வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் வைஸ்கிரிப் பிடிக்கும். ஹெட்டின் மட்டத்துக்கு அறுந்திருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள் மிக் வெல்டிங் வைப்பதுதான் எனக்குத் தெரிந்ததில் முதல் வழி. இரும்பு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது, அதனால் ஹெட்டுக்குப் பயமில்லை. வெல்டின் சூடு நேரே ஸ்டட்டுக்குள் இறங்கித் துருவையும் உடைத்துவிடும். சிவப்பு மங்கும்வரை பொறுத்து, ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். முதல் நட்டு பிய்த்துக்கொண்டால் இரண்டாவது, மூன்றாவது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்ற மறக்காதீர்கள். எஃப்.ஐ. வண்டி என்றால் ஈ.சி.யூ. பிளக்கையும் சேர்த்து.

வெல்டிங் வசதி இல்லையென்றால் துளைதான். அறுந்த முகத்தை அரத்தால் தட்டையாக்கி, நடுப்புள்ளியில் பஞ்ச் அடிப்பதிலேயே வேலையின் பாதி முடிந்துவிடுகிறது. பஞ்ச் ஒரு மில்லிமீட்டர் விலகினால் டிரில் மிருதுவான அலுமினியத்துக்குள் ஓடிவிடும். அப்புறம் ஹெட்டுக்கே கேடு. கிடைத்தால் இடக்கைச் சுற்று டிரில் வாங்குங்கள். அது துளைக்கும்போதே கழற்றும் திசையில் சுழல்வதால், பாதித் துளையிலேயே ஸ்டட்டு சுருட்டிக்கொண்டு வெளியே வந்த கதைகள் உண்டு. இரண்டரை மில்லிமீட்டரில் தொடங்கி ஏறுங்கள். எம்6-க்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள்; அதற்கப்பால் இருப்பது ஹெட்டின் மரை. சரியாக நடுவில் போயிருந்தால் மீதியிருக்கும் மெல்லிய இரும்புச் சுருளை ஊசியால் பிரித்து எடுத்துவிடலாம்.

அறுந்த போல்ட்டின் துளைக்குள் விட்டுக் கழற்றும் ஈஸி அவுட்டைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. லோரோங் கூலிட் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவந்து எம்6 துளைக்குள் விடாதீர்கள். அது கடினமான எஃகு, வளையாது, நொறுங்கும். ஸ்பேனரால் கழலாத ஸ்டட்டை, ஸ்டட்டையும்விடச் சிறிய ஒரு குச்சி கழற்றும் என்று எதிர்பார்ப்பதில் என்ன நியாயம்? அது உள்ளே உடைந்தால் எந்த டிரில்லும் அதைத் துளைக்காது. பெரிய போல்ட்டுக்கு, அதுவும் பிடியெல்லாம் விட்டபின் வெளியே எடுப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸி அவுட் உள்ளே உடைந்துவிட்டால்கூட வழி இருக்கிறது, அது பாயான் லெப்பாஸில் இருக்கிறது. 1943-இல் மாஸ்கோவில் போரிஸ் லாசரென்கோ, நதாலியா லாசரென்கோ என்ற தம்பதி, மின்பொறி பட்டு உலோகம் தேய்வதை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தேய்மானத்தைத் தடுக்கக் கிளம்பியவர்கள், அந்தத் தேய்மானத்தையே கருவியாக்கிவிட்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ஸ்டார்க், ஹார்டிங், பீவர் என்ற மூவர் தனியாக அதே வழிக்கு வந்தார்கள். அவர்களுக்கு இருந்த தலைவலி என்ன தெரியுமா? அலுமினிய வால்வுகளுக்குள் உடைந்துபோன டாப்பையும் டிரில்லையும் எடுப்பது. நம் தலைவலியேதான்! மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஈ.டி.எம். இயந்திரம் இப்படிப் பிறந்தது. உலோகம் எவ்வளவு கடினமானாலும் கவலையில்லை. பொறி ஒவ்வொன்றும் துளித்துளியாகத் தின்றுவிடும். 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கி இன்டெல், ஏ.எம்.டி., பாஷ் எல்லாம் வந்த பிறகு, அந்த ஆலைகளுக்கு அச்சும் கருவியும் செய்யும் பட்டறைகள் இந்தத் தீவில் பெருகின. மோட்டார் கடையிலிருந்து அரை மணி தூரத்தில் ஈ.டி.எம். இருக்கும் ஊர்கள் அதிகமில்லை. ஹெட்டைக் கழற்றி எடுத்துப்போய்க் கேளுங்கள். வேலை குறைந்த நேரமாகப் பார்த்துச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு வழிக்கு இயந்திரமே வேண்டாம். லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் படிகாரம் கேளுங்கள், திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிறோமே அதேதான். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் பித்தளைத் தகட்டில் உடைந்த எஃகுத் திருகாணியை எடுக்க நெடுங்காலமாக இதைப் பயன்படுத்துகிறார்கள். சின்ன அலுமினியப் பாகத்துக்குள் எஃகு டாப்பு உடைந்தால், மற்ற இரும்புச் சாமான்களையெல்லாம் கழற்றிவிட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் கெட்டியான படிகாரக் கரைசலில் போட்டுச் சூடாகவே வைத்திருங்கள். உடைந்த துண்டிலிருந்து சின்னச் சின்னக் குமிழி கிளம்பும். மணிக்கணக்காகும், ஒரு நாளும் ஆகலாம். எஃகு கறுத்துக் கரைந்து தூளாகிவிடும், அலுமினியம் அப்படியே இருக்கும். துத்தநாகக் கலவையில் வார்த்த பாகத்தில் இதைச் செய்யாதீர்கள், பாகமும் சேர்ந்து போய்விடும். துருப்பிடிக்காத எஃகுக்கும் இது பலிக்காது. இதற்கு ஆகும் செலவு சில காசுகள். நேரத்துக்குத்தான் விலை, நான் தொடக்கத்தில் சொன்ன அதே விலை.

பிளக்குக்குத் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் புதியவர்களை முதலில் உட்காரவைப்பார்கள். இ.எக்ஸ்.5 போன்ற வண்டிகளில் 10 மில்லிமீட்டர் மரை, 16 மில்லிமீட்டர் சாக்கெட்டு. அந்த மெல்லிய மரை அலுமினியத்தில் வெட்டியது. பிளக் செய்கிறவர்கள் 10 மில்லிமீட்டர் பிளக்குக்குச் சொல்லும் இறுக்கம் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான். டார்க் ரென்ச் இல்லையென்றால், புது பிளக்கைக் கையால் திருகி உட்காரவைத்து, அதன்பின் சாவியால் அரைச் சுற்று. "இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்று பின்னாலிருந்து குரல் வரும். கேளாத மாதிரி இருங்கள். முலாம் பூசிய மரைக்கு கிரீஸ் வேண்டாம் என்று பிளக் கம்பெனியே சொல்கிறது, வழவழப்பான மரை அதே விசையில் அதிகமாக இறுகிவிடும் என்பதுதான் காரணம். பிடித்த பிளக்கைக் கொதிக்கிற இஞ்சினில் முறுக்காதீர்கள். எண்ணெய் விட்டு ஊறவைத்து, கை பொறுக்கிற வெதுவெதுப்பில் முன்பின்னாக அசையுங்கள். வெளியே எடுக்குமுன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் மணல் சிலிண்டருக்குள் போகும். மரை கிழிந்துவிட்டால் டாப்பின் பல்லில் கிரீஸ் தடவி வெட்டுங்கள், தூள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் ஹெலிகாயில் போட்டால் இரும்புச் சுருள் மரை, பழைய மரையைவிடத் திடமாகவே இருக்கும்.

பழைய சி70 யாராவது கொண்டுவந்தால் இஞ்சின் மூடியின் சிலுவைத் திருகாணிகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். தலையில் ஒரு சின்னப் புள்ளி குழிந்திருந்தால் அது ஜப்பான் தரத்துத் தலை. ஹார்ட்வேர் கடையில் வாங்கிய பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுதாக உட்காராது, இறுக்கினால் மேலே ஏறி வழுக்கும். தலை வழிக்கப்பட்ட திருகாணிகளில் பெரும்பாதி இந்தக் கணக்கில்தான் செத்தன. ஜப்பான் டிரைவர் ஒன்றும், சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பேக்ட் டிரைவர் ஒன்றும் உங்கள் சொந்தக் காசில் வாங்குங்கள். ஈஸி அவுட்டுக்குத் திட்டினேனே, இதற்கு லோரோங் கூலிட் நல்ல இடம். பழைய ஜப்பான் கருவிகள் கண்ணில் படும். போல்ட்டு தொலைந்ததென்று கைக்குக் கிடைத்ததைப் போடுவதும் இப்படித்தான். ஜப்பான் மோட்டாரில் எம்10 என்றால் பெரும்பாலும் 1.25 மரை, ஹார்ட்வேர் கடை எம்10 சாதாரணமாக 1.5. இரண்டு சுற்று இனிமையாக ஏறும், மூன்றாவதில் கடிக்கும். கடித்த பிறகும் முறுக்குகிறவருக்குத்தான் மரை கழண்டிருக்கிறது.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை வெள்ளம் சூழ்ந்ததே, உங்களில் பலர் அப்போது பள்ளிப் பிள்ளைகள். மோட்டார்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. அந்த மாதிரி வண்டி வந்தால் ஸ்டார்ட்டரைத் தொடாமல், முதலில் கீழே உள்ள எண்ணெய் போல்ட்டைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். அந்த போல்ட்டு அன்றைக்குச் சுலபமாகக் கழலும். இரண்டு வாரம் கழித்து வந்தால் கழலாது. காத்திருக்கக் கூடாத இடம் இது ஒன்று. துரு ஏறிய பிறகுதான் பொறுமை, துரு ஏறுமுன் வேகம்.

சரி, வாடிக்கையாளரிடம் இதை எப்படிச் சொல்வது? நான் கேட்டவரை நம் பையன்களுக்கு முறுக்கத் தெரிகிறது, பேசத்தான் வருவதில்லை. "அண்ணே, இந்த நட்டு துரு ஏறிப் பிடிச்சிருக்கு. இப்பவே முறுக்கினா அறுந்துரும். எண்ணெய் விட்டுருக்கேன், நாளைக்குக் காலையில கழட்டித் தர்றேன்." அவர் சொல்வார்: "நாளைக்கு நான் எதுல வேலைக்குப் போறது?" உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற தம்பி என்றால் ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் சோறு நிற்கும். அவர் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் இருக்கிறது. புகைக்குழாய் ஸ்டட்டு மாதிரி ஓட்டத்தை நிறுத்தாத இடம் என்றால், வண்டியை நிறுத்திவைக்க வேண்டியதே இல்லை. ஆறிய இஞ்சினில் எண்ணெயை விட்டுத் துடைத்து, ஓட்டிப் போகச் சொல்லுங்கள். ராத்திரி வந்து நிறுத்திய பிறகு மறுபடி விடச் சொல்லுங்கள், இரண்டு மூன்று நாள். முதலில் கொஞ்சம் புகையும், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூடேறி ஆறுவதும் ரோட்டின் அதிர்வும் உங்கள் சுத்தியல் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அவர் சம்பாதித்துக்கொண்டிருக்கும்போதே நட்டு ஊறும்.

தவுக்கே ஒரு வேளை சம்மதிக்க மாட்டார். அறுந்தால் உன் சம்பளத்தில் பிடிப்பேன் என்று மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, சம்பளத்தில் எதையெதைப் பிடிக்கலாம் என்று வரையறுக்கிறது. அறுந்த போல்ட்டு அதில் இல்லை. தொழில் பழகுநர் ஒப்பந்தமும் அந்தச் சட்டத்தின் கண்ணில் வேலை ஒப்பந்தம்தான். சண்டைக்குப் போகச் சொல்லவில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி சேவை செய்கிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்தாக வேண்டும். பைப்பை மாட்டி ஹெட்டை உடைத்துவிட்டு, "வண்டி பழசு" என்று தவுக்கே கையை விரிக்க முடியாது. பயனீட்டாளர் சங்கம் இருக்கும் ஊர் இது, நம் வாடிக்கையாளருக்கு எங்கே போய் முறையிடுவதென்று நன்றாகவே தெரியும். அதனால் முறுக்குமுன் சொல்வது தவுக்கேயின் பைக்கும் நல்லது. இப்படிச் சொல்லிப் பாருங்கள். சட்டத்தைவிடப் பை என்றால் சீக்கிரம் கேட்பார்.

திருப்பிப் பூட்டும்போது கொஞ்சம் மெனக்கெடுங்கள். ஸ்டட்டின் மரையை டை விட்டுச் சுத்தம் செய்து, புகைக்குழாய் நட்டுக்குச் சூடு தாங்கும் செம்பு கிரீஸ் துளி தடவுங்கள். இரும்பு நட்டுக்குப் பதில் பித்தளை நட்டு கிடைத்தால் போடுங்கள். அது ஸ்டட்டோடு துருவாகி ஒட்டாது, அடுத்த முறை கண்ணீர் வராது. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் அடியைக் கழுவச் சொல்லி வாடிக்கையாளரை அனுப்புங்கள், பாலம் தாண்டுகிறவரிடம் இரண்டு முறை சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் கடையில் பில் புத்தகம் தீரப்போகிறதா என்று பாருங்கள். தவுக்கே புதிதாக அச்சடிக்கக் கொடுக்கும்போது, சாமான், கூலி என்ற இரண்டு கட்டத்துக்குக் கீழே மூன்றாவதாக "ஊறவைப்பு" என்று ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். தொகை அவர் விருப்பம், ஐந்து ரிங்கிட்டானாலும் சரி. முதல் மாதம் வாடிக்கையாளர்கள் இது என்ன என்று கேட்பார்கள். அறுந்த ஸ்டட்டு ஒன்றை மேசைமேல் வைத்திருங்கள், எடுத்துக் காட்டுவதற்கு.

அன்புடன்,
ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு பழைய மெக்கானிக்